பார்க்கின்சன் நோய்: எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

"எம்ஆர்ஐ நார்மல் என்று வந்திருக்கிறது. ஆனாலும் டாக்டர் பார்க்கின்சன் என்கிறார். எதை நம்புவது?" கை நடுக்கத்துக்காக நரம்பியல் மருத்துவரிடம் போய்வந்த பல குடும்பங்களில் இந்தக் கேள்வி எழும். இரண்டையும் நம்பலாம். பார்க்கின்சன் நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான எம்ஆர்ஐ நார்மலாகத்தான் வரும். அதில் பெரிதாக ஏதாவது தெரிந்தால்தான், இது பார்க்கின்சன்தானா என்று மருத்துவர் மறுபடி யோசிக்கத் தொடங்குவார்.

ஸ்கேன் எடுத்தால் நோய் தெரிந்துவிடும் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், எலும்பு முறிவிலும் கட்டிகளிலும் அப்படித்தான் நடக்கிறது. பார்க்கின்சன் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். என்ன கேள்வி கேட்டு அனுப்பினார்கள் என்று தெரியாமல் ரிப்போர்ட்டை மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நோய் எங்கே இருக்கிறது?

மூளைத்தண்டின் மேல்பகுதிக்கு நடுமூளை என்று பெயர். அதில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சின்னப் பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களில் நியூரோமெலனின் என்ற நிறமி சேர்வதால், மூளையை வெட்டிப் பார்த்தால் அந்த இடம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிப்பவை இந்த அணுக்கள்தான். அவற்றின் உடல் நடுமூளையில் இருந்தாலும், இழைகள் மேலே நீண்டு போய், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் ஆயிரக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து முடிகின்றன. ஸ்ட்ரையாட்டத்துக்கு காடேட், புட்டேமன் என்று இரண்டு பாகங்கள். டோபமின் வெளியாகி வேலை செய்வது அங்கேதான். பித்தான் போடுவது, எழுதுவது, கையை வீசி நடப்பது என யோசிக்காமலே நாம் செய்கிற அசைவுகள் சீராக நடக்க அது வேண்டும்.

பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. சாகும் அணுக்களுக்குள் ஆல்பா-சினுக்ளின் என்ற புரதம் உருண்டையாகத் திரண்டு கிடக்கும். அந்த உருண்டைகளுக்கு லூயி உருண்டைகள் என்று பெயர். 1912இல் ஃப்ரெடரிக் லூயி அவற்றை முதலில் விவரித்தார். ஸ்ட்ரையாட்டத்தில் டோபமின் வற்றிப்போவதுதான் அறிகுறிகளுக்குக் காரணம் என்பதை, இறந்த நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து 1960இல் காட்டியவர் ஓலே ஹார்னிகீவிச்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டோபமின் சுரப்பவையோ சில லட்சங்கள்தான். அதில் பாதி அழிந்தாலும் மூளையின் உருவத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் மாறாது. எம்ஆர்ஐ ஏன் நார்மலாக வருகிறது என்ற கேள்விக்குப் பதில் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் உதவும். ஒன்று, அணுக்களின் உடல் இருக்கும் இடம் வேறு, அவற்றின் முனைகள் இருக்கும் இடம் வேறு. சில ஸ்கேன்கள் நடுமூளையைப் பார்க்கின்றன, சில ஸ்ட்ரையாட்டத்தைப் பார்க்கின்றன. இரண்டு, அழிவு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முந்திக்கொள்ளும். அந்தப் பக்கத்திலும் புட்டேமனின் பின்பகுதிதான் முதலில் காலியாகும், காடேட் பிறகு. மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை இயக்குவதால், வலது கை நடுங்குபவருக்கு இடது புட்டேமனில்தான் குறை கூடுதலாகத் தெரியும்.

முதலில் கையும் கண்ணும்தான்

நோயை முடிவுசெய்வது இன்றும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைதான். அசைவுகள் மெதுவாவதும், செய்யச்செய்யச் சிறுத்துக்கொண்டே போவதும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வது இதைப் பார்க்கத்தான். அதோடு, கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கமோ மூட்டுகளில் விறைப்போ, இரண்டில் ஒன்றாவது வேண்டும். அப்புறம் மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரைக்கு உடல் எப்படி இணங்குகிறது, நோய் எப்படி நகர்கிறது என்பதெல்லாம் மாதக்கணக்கில் கூடவே பார்க்கப்படும்.

இந்த முறை எவ்வளவு துல்லியமானது? இறந்தவர்களின் மூளைகளை ஆய்வுக்காகச் சேமித்து வைக்கும் மூளை வங்கி ஒன்றில், லண்டனில், உயிரோடு இருந்தபோது பார்க்கின்சன் என்று முடிவுசெய்யப்பட்ட 100 பேரின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். 76 பேருக்குத்தான் உண்மையில் அந்த நோய் இருந்தது. மற்றவர்களுக்கு இருந்தவை பார்க்கின்சனைப் போலவே நடிக்கிற வேறு நோய்கள். அதன்பிறகு பரிசோதனை விதிகள் கூர்மையாகியிருக்கின்றன, அசைவுக் கோளாறுகளில் தனிப் பயிற்சி பெற்றவர்களின் கணிப்பும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் ஆரம்ப காலத்தில் தவறு நேர இன்னும் இடமிருக்கிறது. ஸ்கேன்களுக்கு வேலை வருவது இந்த இடைவெளியில்தான்.

சிடியும் எம்ஆர்ஐயும்: வேறு எதுவும் இல்லையே?

சிடி ஸ்கேனிடமும் வழக்கமான எம்ஆர்ஐயிடமும் கேட்கப்படும் கேள்வி, "பார்க்கின்சன் இருக்கிறதா?" என்பதல்ல. "பார்க்கின்சன் மாதிரி காட்டுகிற வேறு ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். அதற்கு இவை நன்றாகவே பதில் சொல்கின்றன. மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், கட்டி, சின்னச்சின்னப் பக்கவாதங்கள் அடுத்தடுத்து வந்து கால்களின் அசைவை மட்டும் கெடுத்திருப்பது, எல்லாம் தெரிந்துவிடும்.

மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் விரிந்துபோகும் ஒரு கோளாறும் உண்டு. அது வந்தவர்கள் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போலத் தேய்த்து நடப்பார்கள், சிறுநீர் அடங்காது, ஞாபகமும் தளரும். வெளியிலிருந்து பார்த்தால் பார்க்கின்சன் என்றே தோன்றும். நீரை வடித்துவிடக் குழாய் வைத்தால் இவர்களில் பலருக்கு நடை திரும்புகிறது. இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடிந்தாலே எம்ஆர்ஐ எடுத்த செலவு வீண் இல்லை. இளம் வயதில் அறிகுறி வந்தால் வில்சன் நோயும் கணக்கில் வரும். அது மூளையிலும் கல்லீரலிலும் செம்பு படிகிற பரம்பரை நோய். அதற்கு மருந்து உண்டு.

அடுத்து, பார்க்கின்சனின் ஒன்றுவிட்ட உறவுகள் என்று சொல்லத்தக்க சில நோய்கள் இருக்கின்றன. அவை வேகமாக முற்றும், லெவோடோபாவுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. பிஎஸ்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோயில் பார்வையை மேலும் கீழும் நகர்த்துவது கஷ்டமாகும், ஆரம்பத்திலேயே பின்பக்கமாக விழுவார்கள். இதில் நடுமூளை சுருங்கிவிடும், அதன் கீழே இருக்கும் பான்ஸ் பகுதி சுருங்காது. எம்ஆர்ஐயில் பக்கவாட்டு வெட்டில் பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பறவையின் தலையும் உடலும் போலத் தெரியும். கதிரியக்கவியல் மருத்துவர்கள் இதை ஹம்மிங்பேர்ட் அடையாளம் என்கிறார்கள். எம்எஸ்ஏ என்ற இன்னொரு நோயில் ரத்த அழுத்தம், சிறுநீர் போன்றவற்றைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் நரம்புகளும் கெடும். அந்த நோயாளிகள் சிலருக்கு பான்ஸின் குறுக்கு வெட்டில் வெள்ளையாகச் சிலுவைக் கோடு விழுந்திருக்கும். மேலே சிலுவை போட்ட பன் ரொட்டி போலத் தெரிவதால் இதற்கு ஹாட் கிராஸ் பன் அடையாளம் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், இந்த அடையாளங்கள் நோய் ஓரளவு முற்றிய பிறகே தெளிவாகத் தெரியும். முதல் வருடத்தில் எடுத்த எம்ஆர்ஐயில் பறவை இல்லை என்பதால் பிஎஸ்பி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு, உதாரணமாக சில பழைய வகை பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு, சிடி போதும் என்று விடுவதுண்டு. பெரிய கோளாறுகளைக் காட்டிவிடும், நுட்பமானவை தப்பிவிடும்.

ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற மாற்றங்கள்", "வெள்ளைப் பகுதியில் சிறு புள்ளிகள்" என்றெல்லாம் எழுதியிருக்கும். அறுபதைத் தாண்டிய பலரின் எம்ஆர்ஐயிலும் அந்த வரிகள் இருக்கும். இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். நடுக்கத்துக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதை, ஆளைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

எம்ஆர்ஐயின் புதிய கண்கள்

வழக்கமான எம்ஆர்ஐக்குத் தெரியாததை, அதே இயந்திரத்தில் அமைப்புகளை மாற்றிப் பார்க்க முடியுமா என்று 20 வருடங்களாக முயல்கிறார்கள். இரண்டு வழிகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

முதலாவது, நியூரோமெலனினைப் பார்ப்பது. அந்தக் கறுப்பு நிறமி இரும்போடு சேர்ந்திருப்பதால், குறிப்பிட்ட முறையில் படமெடுத்தால் எம்ஆர்ஐயில் பிரகாசமாகத் தெரியும். நேரில் கறுப்பு, படத்தில் வெள்ளை. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரத்தில் இதைச் செய்து காட்டினார்கள். பார்க்கின்சன் நோயில் நிறமியுள்ள அணுக்கள் குறைவதால் அந்தப் பிரகாசமும் மங்கும், சுருங்கும்.

இரண்டாவது, இரும்பை உணரும் படம். சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதியில் டோபமின் அணுக்கள் கொத்தாக இருக்கும் இடத்துக்கு நைக்ரோசோம்-1 என்று பெயர். ஆரோக்கியமான மூளையில் இருண்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே அது வெளிச்சமாகத் தெரியும். பார்ப்பதற்குத் தகைவிலான் குருவியின் பிளவுபட்ட வால் போல இருக்கும். பார்க்கின்சனில் அந்த வெளிச்சம் மறைந்து வால் காணாமல் போய்விடும். ஊசியும் கதிரியக்கமும் இல்லாமல், ஏற்கெனவே எடுக்கும் எம்ஆர்ஐயோடு சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்தால் போதும் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் குறைந்தது 3 டெஸ்லா இயந்திரம் வேண்டும், நோயாளி தலையை ஆட்டக் கூடாது. நடுங்குகிறவரிடம் ஆடாமல் படுங்கள் என்பது சுலபமான கோரிக்கை அல்ல. பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். அனுபவமுள்ள மையங்களில் நன்றாக வேலை செய்கிறது, மற்ற இடங்களில் ஒருவர் இருக்கிறது என்பார், இன்னொருவர் இல்லை என்பார்.

டாட் ஸ்கேன்: டோபமின் முனைகள் எத்தனை மிச்சம்?

உருவத்தை விட்டுவிட்டு வேதியியலைப் பார்க்கும் ஸ்கேன்களில் அதிகம் பேசப்படுவது இதுதான். டோபமின் வெளியான பிறகு மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள, அணு முனைகளின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. அதை டோபமின் கடத்தி என்பார்கள்; அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டாட். முனை அழிந்தால் கடத்தியும் போய்விடும். ஆகவே கடத்திகளை எண்ண முடிந்தால் மிச்சமுள்ள முனைகளைக் கணக்கிட்ட மாதிரி.

கடத்தியோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றில் கதிரியக்க அயோடின்-123ஐச் சேர்த்து ஊசியாகப் போடுகிறார்கள். அயோஃப்ளுபேன் என்பது அதன் பெயர். கோகெய்ன் மூளையில் பிடித்துக்கொள்ளும் இடங்களில் இந்தக் கடத்தியும் ஒன்று என்பதால், கோகெய்னின் வேதி அமைப்பை ஒட்டியே இதை உருவாக்கினார்கள். கொடுக்கும் அளவு மிகச் சொற்பம், போதை எதுவும் ஏறாது. ஐரோப்பாவில் 2000இலும் அமெரிக்காவில் 2011இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. ஊசி போட்டு 3 முதல் 6 மணி நேரம் கழித்து, ஸ்பெக்ட் கேமரா தலையைச் சுற்றி வந்து, எங்கிருந்து கதிர் வருகிறது என்று படமாக்கும்.

படம் வந்தால் படிப்பது ஓரளவு எளிது. ஆரோக்கியமான மூளையில் ஸ்ட்ரையாட்டம் இரண்டு பக்கமும் இரண்டு காற்புள்ளிகளாக ஒளிரும். காற்புள்ளியின் தலை காடேட், வால் புட்டேமன். பார்க்கின்சனில் வால்தான் முதலில் மறையும். அதனால் ஒரு பக்கம் காற்புள்ளி முற்றுப்புள்ளியாகிவிடும், பிறகு இன்னொரு பக்கமும். கையில் அறிகுறி தெரியத் தொடங்கும் வேளையிலேயே புட்டேமனின் முனைகளில் பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும் என்று கணிக்கிறார்கள். அதனால் அறிகுறி உள்ளவரிடம் இந்த ஸ்கேன் தெளிவான குறையையே காட்டும்.

சரி, யாருக்கு எடுக்க வேண்டும்? விரல் தட்டல், விறைப்பு, ஓய்வு நடுக்கம் என எல்லாம் பொருந்தி, மாத்திரைக்கும் நன்றாக இணங்குபவருக்கு இது தேவையே இல்லை. நடுக்கம் மட்டும் இருந்து, அது பார்க்கின்சனா அல்லது எசென்ஷியல் ட்ரெமர் என்கிற சாதாரண நடுக்க நோயா என்று பிரிக்க முடியாதபோது இது கைகொடுக்கும். எசென்ஷியல் ட்ரெமரில் டோபமின் முனைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஸ்கேன் நார்மல்.

இன்னொரு முக்கியமான தருணம், மருந்தால் வந்த பார்க்கின்சன் அறிகுறிகள். மனநோய்க்கான சில மருந்துகள், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின் ஆகியவை டோபமின் போய்ச் சேரும் இடத்தை அடைத்துவிடும். அனுப்பும் முனைகள் நன்றாகவே இருப்பதால் ஸ்கேன் நார்மலாக வரும். அப்படி வந்தால் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கலாம். ஸ்கேன் குறையைக் காட்டினால், மறைந்திருந்த பார்க்கின்சனை அந்த மருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று பொருள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேரின் சிகிச்சை இந்த ஒரு படத்தால் வெவ்வேறு பாதையில் போகும். டாட் ஸ்கேனின் முழுப் பயனும் எனக்குத் தெரிவது இங்கேதான்.

இதனால் முடியாததும் உண்டு. பிஎஸ்பி, எம்எஸ்ஏ ஆகியவற்றிலும் டோபமின் முனைகள் அழிகின்றன. ஆகவே முற்றுப்புள்ளி தெரிந்தால் டோபமின் குறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். மூன்றில் எது என்று அந்தப் படம் சொல்லாது. "டாட் ஸ்கேன் பாசிட்டிவ், ஆகவே பார்க்கின்சன் உறுதி" என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. மறுபக்கம் கொஞ்சம் உறுதியானது. அசைவுக் கோளாறுகளுக்கான சர்வதேச மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட விதிகளின்படி, இந்த வகை ஸ்கேன் நார்மல் என்றால் பார்க்கின்சன் நோய் என்ற முடிவைக் கைவிட வேண்டும்.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கவும் இதை எடுக்கலாமே என்று தோன்றும். 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதில் எச்சரிக்கை தருகிறது. ஆரம்பநிலை நோயாளிகள் 361 பேருக்கு 40 வாரங்கள் லெவோடோபாவோ மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோ கொடுத்தார்கள். லெவோடோபா சாப்பிட்டவர்களின் உடல்நிலை நன்றாக இருந்தது. ஆனால் அவர்களில் ஸ்கேன் எடுத்தவர்களுக்குக் கடத்தியின் அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. அதிக அளவு மருந்து எடுத்தவர்களுக்கு 7.2 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 1.4 சதவீதம். ஆள் தேறுகிறார், படம் தேய்கிறது! லெவோடோபா கடத்தியின் எண்ணிக்கையையே சற்றுக் குறைத்துவிடுகிறதா, வேறு காரணமா என்று நீண்ட காலம் விவாதித்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. ஆரம்ப பார்க்கின்சன் என்று நிபுணர்கள் சேர்த்திருந்தவர்களில், ஸ்கேன் எடுத்த ஏழு பேரில் ஒருவருக்குப் படம் நார்மலாக இருந்தது. இப்படிப்பட்டவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, பெரும்பாலோருக்கு இருந்தது பார்க்கின்சனே அல்ல என்று தெரியவந்தது.

ஸ்கேனுக்குப் போகும் முன் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மன அழுத்தத்துக்கான புப்ரோப்பியான், கவனக்குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட் போன்றவை அதே கடத்தியில் உட்கார்ந்துகொண்டு படத்தைக் கெடுக்கும். லெவோடோபா பெரிய தொந்தரவு தராது என்பதால் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. எதையும் நாமாக நிறுத்துவது நல்லதல்ல, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுத்தான். அயோடின் தைராய்டில் போய்ச் சேராமல் இருக்க முன்கூட்டியே ஒரு மருந்து தருவார்கள். கதிரியக்க அளவு 4 மில்லிசீவர்ட்டைச் சுற்றி இருக்கும். பூமியில் வாழ்வதாலேயே நமக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை.

அயோடின்-123 கிடைக்காத இடங்களில் ட்ரோடாட் என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் அதே கடத்தியைத்தான் பிடிக்கும். சேர்ந்திருப்பது டெக்னீஷியம்-99எம், 6 மணி நேர அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) கொண்டது, நியூக்ளியர் மெடிசின் துறைகளில் தினமும் புழங்குவது. படத்தின் கூர்மை அயோஃப்ளுபேனை விடச் சற்றுக் குறைவு, ஆனால் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பெட் ஸ்கேன்கள்

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் டோபமினை முதன்முதலில் படமாகப் பார்த்தது 1983இல். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்னெட்டும் அவருடைய குழுவினரும், டோபமினுக்கு முந்தைய வடிவமான டோபாவில் கதிரியக்க ஃப்ளூரினைச் சேர்த்துக் கொடுத்து அதைச் சாதித்தார்கள். இதுவே எஃப்-டோபா பெட். பெட் (PET) என்பதும் உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் ஸ்கேன்தான். அணு முனைகள் டோபாவை உள்ளே வாங்கி டோபமினாக மாற்றிச் சேமிக்கும் திறனை இது காட்டும். டாட் ஸ்கேன் தரும் பதிலையே பெரும்பாலும் தரும், படம் கூர்மையாக இருக்கும். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2019இல்தான் அனுமதி கிடைத்தது. ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பரவலாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புற்றுநோய்க்கு எடுக்கும் அதே எஃப்டிஜி பெட்டையும் மூளைக்கு எடுக்கலாம். இது டோபமினைப் பார்ப்பதில்லை. எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று பார்க்கிறது. டாட் ஸ்கேன் கைவிரித்த கேள்விக்கு இது உதவும். எம்எஸ்ஏவில் புட்டேமனும் சிறுமூளையும் சர்க்கரையைக் குறைவாக எரிக்கும், பிஎஸ்பியில் நடுமூளையும் முன்மூளையின் நடுப்பகுதியும். பார்க்கின்சனில் புட்டேமனின் எரிப்பு குறையாமல், சற்றுக் கூடவும் செய்யும். அமெரிக்காவில் டேவிட் ஐடல்பெர்க்கின் குழு இந்த வேறுபாடுகளைக் கணினியால் அடையாளம் காணும் முறையைப் பல வருடங்கள் உழைத்து உருவாக்கியது. வெறும் வயிற்றில் போக வேண்டும் என்பதைத் தவிர நோயாளிக்குப் பெரிய சிரமம் இல்லை.

இரண்டு வித்தியாசமான சோதனைகள்

காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிதாக இருக்கும். அந்த வழியாக அல்ட்ராசவுண்டை அனுப்பி நடுமூளையைப் பார்க்கலாம் என்று 1995இல் ஜெர்மனியில் கெயோர்க் பெக்கரின் குழு கண்டறிந்தது. பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு சப்ஸ்டான்ஷியா நைக்ரா வழக்கத்தை விடப் பளிச்சென்று தெரிகிறது. அங்கே இரும்பு கூடுவது ஒரு காரணம். மலிவு, கதிரியக்கம் இல்லை, படுக்கையருகிலேயே செய்துவிடலாம். ஆனால் ஆரோக்கியமானவர்களிலும் சுமார் பத்தில் ஒருவருக்கு இதே வெளிச்சம் தெரியும். நோய் முற்றினாலும் அது மாறுவதில்லை. சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, எலும்பு தடிமனாக இருப்பதால் ஒன்றுமே தெரியாது. செய்பவரின் கைப்பழக்கத்தை இவ்வளவு நம்பியிருப்பதால், ஐரோப்பாவின் சில மையங்களைத் தாண்டி இது அதிகம் பரவவில்லை.

மற்றொன்று மூளையைப் படமெடுப்பதே இல்லை. இதயத்தை எடுக்கிறது. பார்க்கின்சன் நோய் இதயத்துக்குப் போகும் தானியங்கி நரம்பு முனைகளையும் அழிக்கும். எம்ஐபிஜி என்ற கதிரியக்க மருந்து அந்த முனைகளில் சேரும் என்பதால், பார்க்கின்சனில் இதயம் இருக்கும் இடம் படத்தில் காலியாகத் தெரியும். எம்எஸ்ஏவில் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். 2015 விதிகளில் இதற்கும் துணைச் சான்று என்ற இடம் உண்டு. ஜப்பானில் அதிகம் பயன்படுகிறது. நீண்டகால சர்க்கரை நோய், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு இருந்தால் அவையே அந்த முனைகளைக் கெடுத்திருக்கலாம். அவர்களுக்கு இந்தப் படம் நம்பகமானதல்ல.

புரதத்தையே பார்க்க முடியுமா?

மேலே சொன்ன எல்லாமே நோயின் விளைவைப் பார்ப்பவை. நோயின் வேரில் இருக்கும் ஆல்பா-சினுக்ளினையே படமெடுக்க முடிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அல்சைமர் நோயில் திரளும் அமிலாய்டு, டாவ் என்ற புரதங்களைப் பெட்டில் பார்க்க முடிகிறது. ஆல்பா-சினுக்ளின் பிடிகொடுக்க மறுக்கிறது. அதன் திரட்சிகள் அளவில் சொற்பம், அணுக்களுக்குள்ளே ஒளிந்திருக்கின்றன, அமிலாய்டையும் டாவையும் விட்டுவிட்டு இதை மட்டும் பிடிக்கும் மூலக்கூறு வேண்டும். 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஏசிஐ-12589 என்ற மருந்து, எம்எஸ்ஏ நோயாளிகளின் சிறுமூளையில் ஆல்பா-சினுக்ளின் படிவுகளைக் காட்டியது. அந்த நோயில் படிவுகள் அதிகம் என்பதால் அங்கே முதல் வெற்றி கிடைத்தது. பார்க்கின்சனுக்கு இதே தெளிவு இன்னும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஸ்கேன் இல்லாத வழி ஒன்று முந்திக்கொண்டது. முதுகுத்தண்டு நீரில் உள்ள தவறாக மடங்கிய ஆல்பா-சினுக்ளினைச் சோதனைக் குழாயில் பெருக்கிக் கண்டுபிடிக்கிறார்கள். 1,123 பேரிடம் செய்து 2023இல் வெளியான ஆய்வில், பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதத்தினருக்கு இந்தச் சோதனை பாசிட்டிவாக வந்தது. ஆனால் இது இருக்கிறது, இல்லை என்ற அளவில்தான் பேசும். மூளையின் எந்தப் பகுதியில், எவ்வளவு, போன வருடத்தை விடக் கூடியிருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. இந்தப் புரதத்தைக் கரைப்பதாகச் சொல்லும் மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. அவை மூளைக்குள் போய் உண்மையிலேயே எதையாவது கரைக்கின்றனவா என்று பார்க்க ஒரு படம் வேண்டும் என்பதால்தான், ஆய்வுக்கூடங்கள் அந்தப் பெட் மூலக்கூறை இன்னும் துரத்திக்கொண்டிருக்கின்றன.